ஓவிய ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: கே. சி. எஸ். பணிக்கரை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பழைய உயர்நிலைப் பள்ளி உள்ள ஊர்களில், அங்கே நெடுங்காலம் பணியாற்றிய ‘டிராயிங் மாஸ்டர்’ ஒருவரைப் பற்றிய நினைவும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். தலைமையாசிரியர் அறையில் தொங்கும் தலைவர்களின் படங்களை அவர் வரைந்திருப்பார். ஆண்டு விழா மேடையின் பின்திரையை எழுதியிருப்பார். விடுமுறை நாட்களில் ஊர்க் குளத்தையும் கோபுரத்தையும் நீர்வண்ணத்தில் தீட்டி வீட்டுப் பரணில் அடுக்கியிருப்பார். அவரைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பதோ, பெரும்பாலும் பணி ஓய்வு விழாவில் வாசித்தளிக்கப்பட்ட வாழ்த்துமடல் ஒன்றுதான். அத்தகைய ஒருவரின் வாழ்க்கையையும் பணியையும் முறையாக எழுத முற்படுவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஒவ்வொரு படிநிலையையும் விளக்க, கே. சி. எஸ். பணிக்கரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவர் நாடறிந்தவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓவியராகவும், வகுப்பறை ஆசிரியராகவும், கலைக் கல்லூரி முதல்வராகவும், கலைஞர் குடியிருப்பு ஒன்றை நிறுவியவராகவும் ஒரே மனிதர் வாழ்ந்தார் என்பதாலும், அவரைப் பற்றிய சான்றுகள் ஓரளவு திரட்டப்பட்டுள்ளன என்பதாலும், எந்தக் கேள்வியை எந்தச் சான்று தீர்க்கும் என்பதை அவரிடம் தெளிவாகக் காட்ட முடியும். ஓவிய ஆசிரியர் ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருடைய கற்பித்தலை, ‘பல மாணவர்களை உருவாக்கினார்’ என்ற ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது அவருடைய படைப்பில் பாதி. படங்களை ஆராயும் அதே கண்டிப்போடு அதையும் ஆராய வேண்டும்.

முதலில் ஆண்டு அட்டவணை

எழுதத் தொடங்குவதற்கு முன் ஓர் அட்டவணையை உருவாக்குங்கள். ஆண்டு, வாழ்க்கை நிகழ்வு, பணி, படங்கள், கண்காட்சிகள், சான்று என ஆறு பத்திகள் (நெடுவரிசைகள்) போதும். ‘சான்று’ என்ற பத்தி நிரம்பாத எந்தச் செய்தியையும் நூலில் உறுதியான செய்தியாக எழுதுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பணிக்கருக்கு இந்த அட்டவணை ஏறத்தாழ இப்படி அமையும். 1911 மே 31 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். இளமை மலபார்ப் பகுதியில் கழிந்தது. 17 வயதிலேயே சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சிகளில் அவருடைய படங்கள் இடம்பெறத் தொடங்கின. பிறகு படிப்பு நின்று, தந்தித் துறையில் வேலை. 1936இல் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, 1940இல் பட்டயம் பெற்று, 1941இல் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1954இல் இலண்டனிலும் பாரிசிலும் கண்காட்சிகள். 1957இல் பள்ளியின் தலைமைப் பொறுப்பு. 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையின் தொடக்கம். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம். 1967இல் பணி ஓய்வு. 1977 ஜனவரியில் சென்னையில் மறைவு.

இந்த வரிகளை அப்படியே உரைநடையாக மாற்றிவிட்டால் வாழ்க்கை வரலாறு ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அட்டவணையின் பயன், கேள்விகளை எழுப்புவது. 1936இல் கலைப் பள்ளியில் சேர்ந்தபோது பணிக்கருக்கு வயது 25. 17 வயதிலேயே கண்காட்சியில் படம் வைத்தவர் 25 வயதில் மாணவராகச் சேருகிறார் என்றால், அவர் அங்கே ஓவியம் கற்கத் தொடங்கவில்லை. ஓவியராக வந்து, வேறெதையோ தேடிச் சேர்ந்தார். அது என்ன? பட்டயமா, பயிற்சியா, சம்பள வேலையிலிருந்து விடுதலையா, குறிப்பிட்ட ஓர் ஆசிரியரின் அருகாமையா? மாணவர் பெஞ்சுக்கும் ஆசிரியர் நாற்காலிக்கும் இடையே அவருக்கு இருந்தது ஒரே ஆண்டு இடைவெளி என்பதையும் அட்டவணைதான் காட்டுகிறது. உங்கள் ஊர் ஆசிரியரின் அட்டவணையிலும் இத்தகைய இடங்கள் இருக்கும். மூன்று ஆண்டுகள் வெறுமையாக இருந்தால் அந்த வெறுமையை அழகான சொற்களால் மூடாமல், அந்த ஆண்டுகளில் அவர் எந்த ஊரில் யாரிடம் வேலை பார்த்தார் என்று தேடுங்கள். பெயர்ப்பலகை எழுதும் கடையிலோ, சினிமா பேனர் வரையும் கொட்டகையிலோ, நாடகக் குழுவின் சீன் எழுதும் வேலையிலோ அந்த ஆண்டுகள் கழிந்திருக்கக்கூடும். குடும்பத்தார் அதைக் கௌரவக் குறைவாக எண்ணிச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். பெரிய பரப்பில் துணிந்து வண்ணம் பூசும் கை பலருக்கு அங்கேதான் வாய்த்தது.

பணிபுரிந்த நிறுவனத்தை அறிதல்

ஆசிரியரின் வாழ்க்கையில் நிறுவனம் பின்னணியாக மட்டும் நிற்பதில்லை. அவர் என்ன வரையலாம், எப்போது வரையலாம், யாருக்குக் கற்பிக்கலாம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. ஆகவே அந்த நிறுவனத்தின் வரலாற்றை, தேவையான அளவுக்கு, தனியே கற்றுக்கொள்ள வேண்டும்.

சென்னைக் கலைப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தனியார் முயற்சியாகத் தொடங்கப்பட்டு, 1852இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. கைவினையும் தொழிற்கலையுமே நெடுங்காலம் அதன் முதன்மை நோக்கங்களாக இருந்தன. 1929இல் வங்கத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவராக வந்தபின், ஓவியமும் சிற்பமும் நுண்கலைகளாக முன்னுக்கு வந்தன. சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையையும் காந்தி சிலையையும் வடித்தவர் அவரே. உடலின் தசையையும் பாரத்தையும் உண்மை வழுவாமல் வடிப்பதில் தேர்ந்த ஒருவரின் கீழ் பணிக்கர் மாணவராகவும் பிறகு ஆசிரியராகவும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இருந்தார் என்பதை அறிந்தால்தான், பிற்காலத்தில் உருவங்களே அரிதாகி எழுத்தும் கோடும் நிறைந்த படங்களுக்கு அவர் போய்ச் சேர்ந்த தொலைவு விளங்கும். பணிக்கர் தலைமை வகித்த ஆண்டுகளில்தான் அந்தப் பள்ளி கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி.

பள்ளி ஓவிய ஆசிரியரைப் பற்றி எழுதுவோர் பார்க்க வேண்டிய ஆவணங்கள் வேறு. தமிழ்நாட்டில் ஒருவர் ஓவிய ஆசிரியராவதற்கு, அரசுத் தேர்வுத் துறை நடத்தும் ஓவியத் தேர்வுகளில் லோயர், ஹையர் ஆகிய இரு நிலைகளையும் முடித்து, டி.டி.சி. எனப்படும் ஆசிரியர் பயிற்சியும் பெறுவது நெடுங்கால வழக்கம். ஃப்ரீஹேண்ட் (கருவியின்றிக் கையால் வரைதல்), மாடல் (பொருளைப் பார்த்து வரைதல்), மெமரி (நினைவிலிருந்து வரைதல்) எனப் பிரித்து நடத்தப்பட்ட அந்தப் பயிற்சி அவர் கையை எப்படிப் பழக்கியது என்பது படங்களிலேயே தெரியும். குடத்தின் நீள்வட்ட வாயை ஒரே இழுப்பில் போடுகிற உறுதி அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். நிழலை எப்போதும் ஒரே பக்கம் விழச்செய்கிற தயக்கமும் அங்கிருந்தே வந்ததாக இருக்கலாம். சான்றிதழ்கள் வீட்டில் இருக்கும். பணியில் சேர்ந்த நாள், இடமாறுதல்கள், நீண்ட விடுப்புகள் ஆகியவை பணிப் பதிவேட்டில் இருக்கும். குடும்பத்தாரின் எழுத்துபூர்வமான ஒப்புதலுடன் பள்ளியையோ கல்வி அலுவலகத்தையோ அணுகிப் பாருங்கள். பள்ளி ஆண்டு மலர்களை ஒன்றுவிடாமல் புரட்டுங்கள். அட்டைப்படம், உள்ளே மாணவர் ஓவியங்கள், குழுப் படத்தில் அவர் நிற்கும் வரிசை என எல்லாமே செய்தி. மொழிப்பாட ஆசிரியர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, ஓவிய ஆசிரியர் ஓரத்தில் நிற்பாரானால், அந்தப் பள்ளி அவருடைய பாடத்துக்கு என்ன மதிப்பு வைத்திருந்தது என்பதைத் தனியே யாரும் சொல்ல வேண்டியதில்லை.

படங்களைப் பதிவுசெய்தல்

இந்த வேலையில் அவசரம் கூடாது, காலதாமதமும் கூடாது. நீர்வண்ணமும் போஸ்டர் வண்ணமும் காகிதத்தில் தீட்டப்பட்டவை. நம் ஊர் ஈரப்பதமும் வெள்ளிப்பூச்சியும் கரையானும் அவற்றுக்கு நீண்ட ஆயுள் தருவதில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, ஒரு தாள் ஒதுக்குங்கள். சட்டத்தை விடுத்துப் படத்தின் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் சென்டிமீட்டரில் குறியுங்கள். இந்த வரிசையை மாற்றினால் பின்னால் குழப்பம் வரும். வண்ணம் எது, காகிதமா துணியா பலகையா, கையொப்பம் எந்த மூலையில், எந்த எழுத்தில், எந்த வடிவில் உள்ளது என எழுதுங்கள். கையொப்பத்தைத் தனியே படம் எடுத்துக் காலவரிசையில் அடுக்கினால், தேதியிடப்படாத படங்களுக்குத் தோராயமான காலம் சொல்ல அது பெரிதும் உதவும். படத்தின் பின்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். விலை, கண்காட்சிச் சீட்டு, முகவரி, பாதியில் கைவிட்ட இன்னொரு ஓவியம் என முன்புறம் சொல்லாத பல செய்திகள் அங்கே இருக்கும். தலைப்பை ஓவியரே எழுதியிருந்தால் அப்படியே எழுதுங்கள். குடும்பத்தார் வழங்கும் பெயரானால் அதைச் சதுர அடைப்புக்குள் இட்டு வேறுபடுத்துங்கள்.

ஒளிப்படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். நேர் வெயில் படாத பகல் வெளிச்சம் போதும். கேமராவின் முகம் படத்துக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஓர் அளவுகோலையும் வண்ண அட்டையையும் வைத்து ஒரு படம், அவை இல்லாமல் ஒரு படம், பின்புறம் ஒரு படம் என மூன்று எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அவற்றைச் செய்யப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர்கள் அருங்காட்சியகங்களில் இருக்கிறார்கள். சுருட்டி வைக்கப்பட்டவற்றை ஒரே நாளில் விரித்துவிட வேண்டும் என்ற ஆவலையும் அடக்கிக்கொள்ளுங்கள். வறண்ட வண்ணம் வெடித்து உதிரும்.

அவர் ‘கலை’ என்று கருதாமல் செய்த வேலைகளையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும். பாடநூல் படங்கள், கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரைச் சின்னம், கோயில் மண்டபத்துச் சுவரோவியம், திருமண வாழ்த்து மடல், தேர்தல் காலச் சுவர்ப்படம் ஆகிய அனைத்துக்கும் எண் உண்டு. ஊர் மக்கள் கண்டது இவற்றைத்தான். கண்காட்சிக்குச் சென்ற பத்துப் படங்களை மட்டும் வைத்து அவருடைய வாழ்க்கையை எழுதினால், அது அவர் வாழாத வாழ்க்கையாகிவிடும்.

படங்களே மிஞ்சாத நிலையும் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவிய ஆசிரியர் அ. மாற்கு பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்தவர்; போர்க்கால இடப்பெயர்வுகளில் அவருடைய படைப்புகளில் பல அழிந்துபோயின. இத்தகைய சூழலில் பழைய ஒளிப்படங்கள், இதழ்களில் அச்சான கறுப்புவெள்ளை நகல்கள், மாணவர்களின் நினைவிலிருந்து எழுதப்படும் விரிவான விவரிப்புகள் ஆகியவையே பட்டியலாக வேண்டும். இழந்த படங்களுக்கும் எண் கொடுங்கள். ‘காணவில்லை’ என்ற குறிப்புடன் பட்டியலில் நிற்கும் படம், என்றாவது ஒருநாள் எங்காவது அகப்பட்டால் அடையாளம் காணப்படும்.

படங்களிலிருந்து காலங்களைப் பிரித்தல்

பட்டியல் முடிந்ததும் படங்களைக் காலவரிசையில் மேசைமேல் பரப்பிப் பாருங்கள். மாற்றங்கள் எங்கே நிகழ்ந்தன என்பதைக் கண் சொல்லும். பணிக்கரின் தொடக்கக்கால நீர்வண்ணங்களில் மலபாரின் கால்வாய்களும் தென்னந்தோப்புகளும் ஈரம் மாறாமல் நிற்கின்றன. பிறகு மனித உருவங்கள் வருகின்றன. தாயும் சேயும், புத்தர், காந்தி, கிறிஸ்து ஆகிய பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1951ஆம் ஆண்டின் ‘சமாதானம் செய்வோர் பேறுபெற்றோர்’ இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. ஐரோப்பிய ஓவியர்களான வான்கோ, கோகன் ஆகியோரின் வண்ணத் துணிச்சலை உள்வாங்கிய படங்களும், தோட்டம் என்ற வரிசையும் அடுத்து வருகின்றன. 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’: சாதகக் கட்டம்போன்ற சதுரங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்தின் வளைவுகளை நினைவூட்டினாலும் வாசித்துப் பொருள் காண முடியாத வரிகள், இடையிடையே சிறு உருவங்கள்.

இங்கே எழுத்தாளர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே அட்டவணையின் ‘பணி’ப் பத்தியை வைத்துப் பார்ப்பது. ஆசிரியர் வேலையும் நிர்வாகப் பொறுப்பும் ஓவியரை அழித்துவிட்டன என்று நம்மிடையே அடிக்கடி சொல்லப்படுகிறது. துயரமான கதை என்பதால் வாசகர்களும் எளிதில் நம்பிவிடுகிறார்கள். பணிக்கரின் வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பம் நேர்ந்தது 1963இல். அப்போது அவர் ஓர் அரசுக் கலை நிறுவனத்தின் தலைவர். கோப்புகளும் தேர்வுகளும் நியமனங்களும் அவர் மேசையில்தான் இருந்தன. இதிலிருந்து வேலை ஓவியருக்கு நல்லது என்ற முடிவுக்கும் தாவக் கூடாது. ஆனால் ‘வேலை கொன்றது’ என்று எழுதுமுன் தேதிகளைச் சரிபார்க்கும் கடமை நமக்கு உண்டு.

பள்ளி ஆசிரியர்களின் படங்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். தேதியிட்ட இயற்கைக் காட்சிகளை மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவை குவிந்திருந்தால், கோடை விடுமுறையே அவருடைய ஓவியக் காலம் என்பது வெளிப்படும். படங்கள் சிறியனவாக இருப்பதற்கும், ஒரே அமர்வில் முடியும் நீர்வண்ணத்தையே அவர் விரும்பியதற்கும் காரணத்தை ‘மென்மையான உள்ளம்’ என்று தேடாமல், கிடைத்த நேரத்திலும் வாங்க முடிந்த காகிதத்திலும் தேடலாம்.

மாணவர்களிடம் கேட்க வேண்டியவை

வழிகாட்டியின் மிக முக்கியமான பகுதி இதுவே. கற்பித்தல் நிகழ்ந்த வகுப்பறையில் எதுவும் எழுதிவைக்கப்படுவதில்லை. அது மாணவர்களின் கையிலும் நினைவிலுமே தங்குகிறது. அந்த மாணவர்களுக்கும் வயதாகிறது. எனவே நூலக வேலையை ஒத்திவைத்தாலும் நேர்காணல்களை ஒத்திவைக்காதீர்கள், மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள்.

‘சார் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனிதர்’ என்ற விடைதான் கிடைக்கும். அந்த விடையை வைத்து ஒரு பத்திகூட எழுத முடியாது. கையால் செய்தவற்றைக் கேளுங்கள். வகுப்பில் அவர் எங்கே நின்றார்? கரும்பலகையில் வரைந்து காட்டினாரா, உங்கள் தாளிலேயே திருத்தினாரா? திருத்தும்போது உங்கள் கோட்டை அழித்தாரா, பக்கத்தில் தனியே போட்டுக் காட்டினாரா? அளவுகோலை அனுமதித்தாரா? எந்தப் பென்சில், எந்தத் தாள் வாங்கச் சொன்னார், வாங்க இயலாதவருக்கு என்ன செய்தார்? வகுப்பை வெளியே அழைத்துச் சென்றாரா? தம் சொந்தப் படங்களை மாணவர்களுக்குக் காட்டினாரா, மறைத்தாரா? எதைக் கண்டால் கோபப்பட்டார்? அவருடைய திருத்தம் படிந்த பழைய தாள் எவரிடமேனும் இருந்தால், அது ஒரு நூறு பாராட்டுரைகளைவிட மதிப்புடையது. அதைப் படமெடுத்து உங்கள் பட்டியலில் சேருங்கள்.

ஓவியராகி வெற்றிபெற்ற மாணவர்களிடம் மட்டும் போகாதீர்கள். வரைவதை விட்டுவிட்டு வங்கியிலும் வயலிலும் வாழ்க்கை நடத்தியவர்கள், அவருடன் கருத்து மாறுபட்டு விலகியவர்கள், அவரிடம் படித்த பெண்கள் ஆகியோரையும் தேடிப் போங்கள். பெண்களுக்கு அதே பயிற்சி கிடைத்ததா, அல்லது பூத்தையல் மாதிரிகளும் கோலமும் போதும் என்று நிறுத்தப்பட்டார்களா என்று வெளிப்படையாகவே கேட்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு முன் ஒப்புதல் பெறுங்கள். நாள், இடம் குறியுங்கள். எழுத்தாக்கியபின் அவர்களிடமே காட்டிச் சரிபாருங்கள். ஒரு நிகழ்ச்சியை ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இருவர் சொன்னால் அதை ஏற்கலாம். ஒருவர் மட்டும் சொன்னால் ‘இன்னார் நினைவுகூர்வது’ என்று எழுதலாம். யார் சொன்னார் என்றே தெரியாமல் வழங்குவதை, வழங்குவதாகவே எழுத வேண்டும். உழைப்பாளர் சிலைக்குக் கலைப் பள்ளியின் காவலாளியும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றார்கள் என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது, நல்ல செய்திதான். அதை நூலில் சேர்ப்பவர், தமக்கு அது எவ்வழியாக வந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆசிரியரின் தாக்கத்தை அளக்கும்போது பெரும்பாலோர் செய்யும் பிழை, மாணவரின் படம் ஆசிரியரின் படத்தைப் போல இருக்கிறதா என்று பார்ப்பது. சென்னை மரபில் அந்த அளவுகோல் செல்லாது. ராய் சௌத்ரியிடம் பயின்ற பணிக்கரும் சிற்பி எஸ். தனபாலும் அவரைப் போல வரையவோ வடிக்கவோ இல்லை. பணிக்கரைச் சுற்றி வளர்ந்தவர்களைப் பாருங்கள். கே. வி. ஹரிதாசன் தாந்திரிகக் குறியீடுகளை நோக்கிச் சென்றார், வி. விசுவநாதன் உருவங்களே இல்லாத தூய அரூபத்தை நோக்கி; பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பத்தை நோக்கி. கே. ராமானுஜத்தை எவருடனும் சேர்க்க முடியாது. பேச்சுத் தடையும் மனநோயின் வேதனையும் கொண்டிருந்த அந்த இளைஞர், மையிலும் வண்ணத்திலும் விந்தையான மாளிகைகளும் பறக்கும் உயிர்களும் நிறைந்த ஓர் உலகத்தை வரைந்தார். பணிக்கர் அவரைத் திருத்த முயலாமல் ஊக்குவித்தார். சோழமண்டலத்தில் அவருக்கு இடமும் இருந்தது. ராமானுஜம் 1973இல் இளவயதிலேயே இறந்தார். ஆசிரியராகப் பணிக்கர் யார் என்ற கேள்விக்கு, அவருடைய சொந்தப் படம் எதையும்விட ராமானுஜத்தின் படங்கள் தெளிவாக விடை சொல்கின்றன என்று நான் கருதுகிறேன். மாணவரின் கைக்குள் நுழையாமல் நிற்பதும் ஒரு கற்பித்தல் முறை. உங்கள் ஆசிரியரிடம் அது இருந்ததா, அல்லது எல்லா மாணவரின் மரமும் அவர் மரமாகவே இருந்ததா என்பதைத் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்து எழுதுங்கள்.

ஆசிரியர் மறைந்தபின் நிகழ்ந்தவையும் வரலாற்றைச் சேர்ந்தவை. ஆந்திரத்தின் ராஜமகேந்திரவரத்தில் பிறந்த தாமெர்ல ராமாராவ், அவ்வூர்க் கல்லூரி முதல்வராக இருந்த ஆசுவால்டு கூல்ட்ரேயின் ஆதரவால் பம்பாய்க்குச் சென்று ஓவியம் பயின்று, ஊர் திரும்பி ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, 1925இல் 27 வயதில் அம்மை நோயால் இறந்தார். அவருடைய தோழர்களும் மாணவர்களும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். அவர் பெயரில் கலைக்கூடம் அவ்வூரில் இன்றும் உள்ளது. இறந்த தேதியோடு முடியும் வரலாற்றில் இந்தச் செய்திகள் எதற்கும் இடம் இருந்திருக்காது.

பணத்தைப் பற்றி எழுதுதல்

கலைஞர்களின் வாழ்க்கையை எழுதுவோர் பணத்தைத் தொடக் கூசுகிறார்கள். சம்பளம் எவ்வளவு, வண்ணக் குப்பிகளை யார் வாங்கினார்கள், விற்ற படத்தின் விலை என்ன, மாலை நேரத் தனிவகுப்புகள் நடந்தனவா, இரவில் அவர் வரைந்துகொண்டிருந்தபோது வீட்டை யார் நடத்தினார்கள் என்பனவெல்லாம் அடிப்படைக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கான விடையில் பெரும்பாலும் ஒரு மனைவியோ சகோதரியோ இருப்பார். அவர் பெயரைத் தேடி எழுதுங்கள்.

சோழமண்டலத்தின் வரலாறு பணத்தைப் பேசாமல் விளங்காது. கலைக் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞர்கள் வேலை கிடைக்காமல் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்ற கவலை பணிக்கருக்கு இருந்தது. கலைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து, பாத்திக் துணி (மெழுகிட்டுச் சாயம் தோய்த்த துணி) முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலத்தை வாங்கினார்கள். பகலில் சில மணி நேரம் கைவினை, மற்ற நேரம் ஓவியமும் சிற்பமும் என்ற ஏற்பாட்டில் ஏறத்தாழ முப்பது கலைஞர்கள் வாழ்ந்த கிராமம் அது. புரவலரையோ அரசையோ நம்பியிராமல், கை உழைப்பையே முதலாக வைத்து ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு என்பதால், அதை நான் அவருடைய கற்பித்தலின் தொடர்ச்சியாகவே காண்கிறேன். உங்கள் ஆசிரியரும் சிறிய அளவில் இப்படி ஏதேனும் செய்திருக்கலாம். தேர்வுக் கட்டணம் கட்டியது, பெயர்ப்பலகை வேலை பிடித்துக் கொடுத்தது, பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது ஆகியவற்றைப் பெயர், ஆண்டு, ஊர் ஆகியவற்றுடன் எழுதுங்கள்.

எழுதும்போதும் வெளியிடும்போதும்

அட்டவணையும் பட்டியலும் நேர்காணல்களும் கைக்கு வந்தபின் எழுத உட்காருங்கள். ‘ஓவியச் செம்மல்’, ‘தூரிகை வேந்தர்’ போன்ற அடைமொழிகள் விழா மேடைக்கு உரியவை. வரலாற்றில் அவற்றுக்கு வேலையில்லை. பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு படத்திலிருந்தோ திருத்தப்பட்ட ஒரு மாணவர் தாளிலிருந்தோ தொடங்கினால், இவர் ஏன் பேசப்பட வேண்டியவர் என்பது முதற் பக்கத்திலேயே தெரிந்துவிடும். படங்களைப் பற்றி எழுதும்போது ‘உயிரோட்டம்’ என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, எந்தக் கோடு, எந்த வண்ணம் அந்த எண்ணத்தைத் தந்தது என்று எழுதுங்கள்.

குடும்பப் பூசல், குடிப்பழக்கம், சாதியின் பெயரால் நேர்ந்த அவமதிப்பு, சக ஆசிரியருடன் இருந்த பகை ஆகியவை நேர்காணல்களில் வரும். அவை படைப்பையோ பணியையோ மாற்றியிருந்தால் சான்றுடன் எழுத வேண்டும், மாற்றாதவற்றை விட்டுவிடலாம். உயிரோடிருக்கும் மூன்றாம் மனிதரின் பெயர் வரும் இடங்களில் அவருடைய ஒப்புதலைப் பெறுங்கள்.

படங்களை அச்சிட, படத்தை வைத்திருப்பவரின் அனுமதி மட்டும் போதாது. இந்தியச் சட்டப்படி ஓர் ஓவியத்தின் பதிப்புரிமை, ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1977இல் மறைந்த பணிக்கரின் படங்களுக்கு அது 2037 இறுதிவரை உண்டு. உரிமை வேறொருவருக்கு எழுதிக்கொடுக்கப்படாதவிடத்து அது வாரிசுகளைச் சேரும். எனவே வாரிசுகள் அனைவரின் கையெழுத்தையும் ஒரே தாளில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குமுன், ஆண்டு அட்டவணையை மட்டும் தனியே படியெடுத்து, குடும்பத்தார்க்கும் நேர்காணல் தந்த மாணவர்களுக்கும் அனுப்பி, ஒரு மாதக் கெடு வைத்துத் திருத்தங்களைக் கேளுங்கள். முழு நூலையும் அனுப்பினால் பலர் படிக்க மாட்டார்கள். ஆண்டுகளைப் பார்த்தால் எவரும் பிழையைச் சுட்டிக்காட்டுவார். நூல் வெளிவந்தபின், நேர்காணல் ஒலிப்பதிவுகளையும் ஒளிப்படங்களையும் உங்கள் கணினியிலேயே விட்டுவைக்காமல், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகத்தை அணுகி ஒரு படி சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். ஈழத்து ஆசிரியராயின் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தை அணுகலாம். இன்னொரு படியை அவர் பணியாற்றிய பள்ளியின் நூலகத்துக்குக் கொடுத்து, வரவுப் பதிவேட்டில் அது ஏறியதா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.